பூஞ்சணமும் மூச்சும்: முந்நூறு ஆண்டுத் தேடலின் கதை

பத்திரிகைக் காரியாலயங்களில் பழைய இதழ்களைக் கட்டி அடுக்கிவைத்திருக்கும் அறைக்குள் ஒரு தடவையேனும் நுழைந்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. ஈரம் ஏறிய காகிதம், காய்ந்த பசை, அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் பூஞ்சணம். எண்பதுகளில் நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், அத்தகைய அறையொன்றில் மணிக்கணக்காக அமர்ந்து குறிப்பெடுக்கும் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் எங்களுடன் இருந்தார். ஒக்டோபர் மழை தொடங்கியதும் அவருக்கு முட்டு வந்துவிடும். கோவையொன்றைப் புரட்டிய அன்று இரவு படுக்கமுடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடியே விடியும்வரை மூச்சுக்குப் போராடுவார். 'எல்லாம் நரம்புக் கோளாறு, கவலையைக் குறையுங்கள்' என்று ஒரு வைத்தியர் அவருக்கு ஆலோசனை கூறியிருந்தார். அக்காலத்தில் இந்த நாட்டில் கவலையைக் குறைப்பது எப்படி என்பதை அந்த வைத்தியர் கூறவில்லை.

அவரை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் கலைப் பட்டதாரி. நிர்ப்பீடனவியலில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆனால், ஒரு நோய்க்கான காரணத்தை மனிதர்கள் எவ்வாறு கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததை எவ்வாறு மறந்தார்கள் என்பது வரலாறு சார்ந்த விடயம். அதில் ஒரு பத்திரிகையாளனுக்கும் சிறிது உரிமை உண்டு.

நமது விஞ்ஞானப் பாடநூல்கள் பங்கசு என்று குறிப்பிடும் உயிரினக் கூட்டத்தைத்தான் நாம் வீட்டில் பூஞ்சணம் என்கிறோம். பாணில் பிடிப்பது, சுவரில் கறுப்பது, சப்பாத்தில் வெளுப்பது எல்லாம் அதன் வகைகளே. அது தனது இனத்தைப் பரப்புவது வித்திகள் எனப்படும் நுண்ணிய தூசு மூலமாக. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துத் தாவரவியலாளர் பியர் அன்ரோனியோ மிச்செலி 1729 இல் வெளியிட்ட நூலில், அந்தத் தூசை வத்தகப்பழ இனத்துக் கனியொன்றின் துண்டுகளின் மீது விதைத்து அதே பூஞ்சணம் மீண்டும் முளைப்பதைக் காட்டினார். பூஞ்சணம் தானாகத் தோன்றுகிறது என்று நம்பப்பட்ட காலம் அது. அவர் கண்ட ஒரு வகை, கத்தோலிக்கத் தேவாலயங்களில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போன்று தோற்றமளித்ததனால் அதற்கு அஸ்பர்ஜில்லஸ் என்று பெயரிட்டார். கொடிய நோயொன்றுக்குக் காரணமான உயிரினம் இவ்வளவு புனிதமான பெயருடன் உலாவுவது வேடிக்கைதான்.

மூச்சுக்கும் இந்தத் தூசுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற முதற் சந்தேகம் அதற்கும் முந்தியது. இங்கிலாந்தின் லிச்பீல்ட் நகரில் வைத்தியம் செய்த சேர் ஜோன் புளோயர் (1649 - 1734) தானும் ஒரு ஆஸ்துமா நோயாளி. 1698 இல் அவர் வெளியிட்ட ஆஸ்துமா பற்றிய நூல் ஆங்கிலத்தில் இந்நோய்க்கென்றே எழுதப்பட்ட முக்கியமான ஆரம்ப நூல்களில் ஒன்று. மது புளித்துக்கொண்டிருந்த நிலவறைக் கிடங்கொன்றுக்குச் சென்றுவந்த ஒருவருக்குக் கடுமையான மூச்சுத்திணறல் ஏற்பட்டதை அவர் பதிவுசெய்தார். கிடங்கின் காற்றில் இருந்த ஏதோ ஒன்று நோயைத் தூண்டியது என்பது அவருக்குப் புரிந்தது. அது எது என்று அறியும் கருவி அவரிடம் இருக்கவில்லை. இதே புளோயர்தான், குழந்தையாக இருந்த சாமுவேல் ஜோன்சனைக் கண்டமாலை நோய் தீர ஆன் மகாராணியின் கையால் தொடுவிக்குமாறு ஆலோசனை கூறியவர். அகராதி எழுதிப் புகழ்பெற்ற அந்த ஜோன்சன், முதுமையில் தனக்கும் ஆஸ்துமா வந்தபோது, 1784 இல் தேடிப்பிடித்து வாசித்தது புளோயரின் நூலைத்தான்.

அதன்பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் இந்த இழை அறுந்துபோனது. அதனை மீண்டும் கையில் எடுத்தவர் மன்செஸ்டர் நகரின் ஹோமியோபதி வைத்தியர் சார்ள்ஸ் பிளக்லி. கோடைகாலச் சளி நோயினால் ஆண்டுதோறும் அவதியுற்ற அவர், தன் உடலையே ஆய்வுகூடமாக்கினார். புல்லின் மகரந்தத்தை மூக்கில் இழுத்தார். தோலைக் கீறித் தேய்த்தார். ஒட்டும் திரவம் தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி வானில் ஏற்றி, உயரத்தில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணினார். 1873 இல் வெளியான அவரது நூல் மகரந்தமே அந்நோய்க்குக் காரணம் என்று நிறுவியதற்காகப் புகழ்பெற்றது. சார்ள்ஸ் டார்வினும் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

அந்த நூலில் பலரும் கடந்துசென்றுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. ஈர வைக்கோலில் வளர்ந்த கீட்டோமியம், பெனிசிலியம் ஆகிய பூஞ்சணங்களின் வித்திகளையும் பிளக்லி சுவாசித்துப் பார்த்தார். மார்பு இறுகியது, குரல் கம்மி அடியோடு போய்விட்டது, சுவாசக்குழாய்ச் சளி பல நாட்கள் நீடித்தது. மகரந்தத்தைப் பல நூறு தடவைகள் தன்மீது சோதித்த மனிதர் இந்தச் சோதனையை மீண்டும் செய்ய விரும்பவில்லை. பூஞ்சண வித்தி மனிதச் சுவாசத்தைத் தாக்கும் என்பதற்கான முதற் பரிசோதனைச் சான்று இதுவே என்று கருதலாம். ஆனால், பின்வந்தவர்கள் மகரந்தத்தைப் பிடித்துக்கொண்டு பூஞ்சணத்தைக் கைவிட்டார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் நமது மலைநாட்டில் வேறொரு வித்திக் கதை நடந்துகொண்டிருந்தது. 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தோன்றிய துரு நோய் ஒரு முழுப் பொருளாதாரத்தையும் அழித்துக்கொண்டிருந்தது. அதனை ஆராய அனுப்பப்பட்ட இளம் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட் 1880 தொடக்கம் 1882 வரை இங்கு தங்கியிருந்தார். தோட்டங்களில் கண்ணாடித் துண்டுகளை வைத்து, காற்றில் மிதந்துவரும் துரு வித்திகளைப் பிடித்துக் காட்டினார். அவரது எச்சரிக்கையினால் கோப்பி பிழைக்கவில்லை. கோப்பி மடிந்த மண்ணில் தேயிலை வந்தது. அதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் தொகை பெருகியது. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுபவர்கள் துரைமார்களைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தப் பூஞ்சணத்தைப் பற்றி எழுதுவதில்லை என்பது எனது நீண்டகாலக் குறை.

அந்தத் தேயிலையும் மூச்சோடு தொடர்புபட்டது. 1903 இல் கொழும்புக்கு வந்து நுண்ணுயிரியல் நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த இத்தாலியர் அல்டோ கஸ்ரெலானி, தேயிலையை மோந்தும் சுவைத்தும் தரம்பிரிக்கும் தொழில்செய்வோரிடம் நீடித்த இருமலொன்றைக் கண்டார். தேயிலைத் தூசியிலும் சளியிலும் பூஞ்சணங்களைக் கண்ட அவர் அவற்றையே காரணமாகக் கூறினார். பின்னாளில், 1970 இல், நமது மார்பு நோய் வைத்திய நிபுணர் சீ.ஜீ. ஊரகொட தேயிலைத் தொழிற்சாலையில் தூசியைச் சுவாசிப்போருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். தூசியில் எந்தப் பகுதி குற்றவாளி என்பது வேறு கேள்வி. சுவாசிப்பவர் யார் என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஒவ்வாமை என்ற கருத்தே 1906 இல்தான் பிறந்தது. வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே, உடலின் எதிர்ப்புச் சக்தி அதனைப் பாதுகாப்பதோடு நில்லாது சில வேளைகளில் அதற்கே தீங்கிழைக்கிறது என்று கூறி, அந்த மாறுபட்ட நடத்தைக்கு அலர்ஜி என்று பெயரிட்டார். தற்காப்புப் படை தன் மக்கள் மீதே துப்பாக்கியைத் திருப்புகிறது என்ற எண்ணம் அன்றைய வைத்திய உலகுக்கு ஏற்கக் கடினமாக இருந்தது. நமக்கு அதை விளங்கிக்கொள்ள அவ்வளவு சிரமமில்லை.

1921 இல் பிரெஸ்லோ நகரில் கார்ல் பிரவுஸ்னிட்ஸும் ஹைன்ஸ் கூஸ்ட்னரும் செய்த பரிசோதனையை நான் எத்தனை தடவை வாசித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவரது இரத்தத் தெளிநீரில் ஒரு துளியைப் பிரவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது, மீனால் எந்தத் துன்பமும் அடையாத அவரது தோல் சிவந்து தடித்தது. ஆகவே, ஒவ்வாமை இரத்தத்தில் பயணம் செய்யும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது. அதற்கு 'ரீஏஜின்' என்று பெயர் வைத்தார்கள். அது என்ன என்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. நாசிகள் ஆட்சிக்கு வந்தபின்னர் ஜேர்மனியை விட்டு வெளியேறிய பிரவுஸ்னிட்ஸ், இங்கிலாந்தின் வைட் தீவில் சாதாரண ஊர் வைத்தியராகத் தொழில்செய்தார்.

பூஞ்சணத்துக்குரிய ஆண்டு 1924. அந்த ஒரே ஆண்டில், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே விடயத்தை எழுதினார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஸ்டோர்ம் வான் லீவென், தனது ஈரமான தாழ்நிலத்தில் ஆஸ்துமா மிகுந்திருப்பதையும், அதே நோயாளர்கள் உயர்ந்த மலைகளுக்குச் சென்றால் சுகமடைவதையும் கவனித்தார். ஈர வீடுகளில் வளரும் பூஞ்சணம் காற்றில் கலப்பதே இதற்கு ஒரு காரணம் என்று கருதி, வடிகட்டிய காற்று மட்டும் உட்செல்லும் அறைகளை அமைத்து நோயாளர்களை அவற்றில் தங்கவைத்தார். கடலுக்கு அப்பால் கனடாவின் வினிப்பெக்கில் எப்.ரி. கேடம், கோதுமை அறுவடைக் காலத்தில் மூச்சுத்திணறிய மூன்று விவசாயிகளைப் பரிசோதித்து, அவர்களுடைய நோய்க்குக் கோதுமைத் துருவின் வித்திகளே காரணம் என்று காட்டினார். வார்ட் நமது மலைகளில் பிடித்த வித்தியின் உறவினரே கோதுமைத் துரு. பயிரைத் தின்றது போதாதென்று பயிரிட்டவனின் மூச்சையும் அது பிடித்துக்கொண்டது.

அதன்பின் வேகமாக நடந்தது. 1930 இல் நியூயோர்க்கில் ஹொப்கின்ஸ், பென்ஹம், கெஸ்டன் ஆகியோர் அல்டர்னேரியா என்ற கரும் பூஞ்சணத்தினால் வந்த ஆஸ்துமாவை விபரித்தனர். அதே தசாப்தத்தில் சிகாகோவில் சாமுவேல் பைன்பேர்க் நகரக் காற்றில் வித்திகளை எண்ணி, நோயாளர்களின் தோற் பரிசோதனைகளுடன் ஒப்பிட்டார். 1933 இல் விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க் தன் மனைவியுடன் கிரீன்லாந்து வழியாகப் பறந்தபோது, அமெரிக்க விஞ்ஞானி பிரட் மையரின் வேண்டுகோளுக்கிணங்க எண்ணெய் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் நீட்டினார். ஆர்ட்டிக் பனிப்பரப்பின் மேலும் வித்திகள் மிதந்தன.

ஆனால் சிகாகோவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. பைன்பேர்க் வித்திகளை எண்ணிக்கொண்டிருந்த அதே நகரில்தான் உளப்பகுப்பாய்வாளர் பிரான்ஸ் அலெக்சாண்டர், மனப் போராட்டங்களினால் வரும் ஏழு நோய்களுள் ஆஸ்துமாவையும் ஒன்றாக வைத்தார். 1892 இல் வெளியான வில்லியம் ஒஸ்லரின் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலும் ஆஸ்துமாவைப் பெரும்பாலும் நரம்பு சார்ந்த நோயாகவே கருதியது. இந்தக் கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முழுவதும் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்டது. எங்களுடைய உதவி ஆசிரியருக்கு 'நரம்புக் கோளாறு' என்று கூறிய வைத்தியரை நான் குறைகூறமாட்டேன். அவர் தனக்குக் கற்பிக்கப்பட்டதையே கூறினார்.

1952 இல் இரு வேறு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜிம் ஹேர்ஸ்ட் என்பவருடையது. உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கும் நோயை ஆராய்வதற்காக அவர் ஒரு பொறியை அமைத்தார்: நிமிடத்துக்கு 10 லீற்றர் காற்றை உறிஞ்சி, மணிக்கு 2 மில்லிமீற்றர் வீதம் நகரும் ஒட்டுக் கண்ணாடியின் மீது படியவைப்பது. எந்த மணித்தியாலத்தில் எந்த வித்தி எவ்வளவு மிதந்தது என்பது முதற்தடவையாகத் தெளிவானது. இரவில், மழைக்குப் பின், பகல் வெயிலில் என ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நேரம் இருந்தது. மகரந்தத்தை விடப் பன்மடங்கு வித்திகள் காற்றில் இருப்பதும் தெரியவந்தது.

மற்றைய கட்டுரை லண்டனில் ஹின்சன், மூன், பிளம்மர் ஆகிய மூவர் எழுதியது. அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் நுரையீரலைப் பாதித்த எட்டுப் பேரை அவர்கள் விபரித்தார்கள். அவர்களில் சிலரது நிலை விசித்திரமானது. ஆஸ்துமா, காய்ச்சல், இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெண்குழியத்தின் பெருக்கம், எக்ஸ்ரே படத்தில் தோன்றி மறையும் நிழல்கள், பூஞ்சணம் கலந்து வெளிவரும் தடித்த கபிலநிறச் சளிக்கட்டிகள். மிச்செலி பெயரிட்ட அந்த அஸ்பர்ஜில்லஸின் வித்தி, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவே கொண்டது. ஆழமான சுவாசக் குழாய்வரை அது இலகுவாகச் செல்லும். 37 பாகை வெப்பத்தில் செழித்து வளரும். மற்றைய ஒவ்வாமைப் பொருட்கள் வந்து போகும் விருந்தாளிகள் என்றால், இது வந்து குடியேறிவிடும். குடியேறியபின், சாதாரணமாக அதனைக் கொன்றுவிடக்கூடிய உடல், ஒவ்வாமை வழியில் அதனுடன் போரிட்டு, அந்தப் போரில் தன் சுவாசக் குழாய்களையே சிதைத்துவிடுகிறது.

இங்கே நமது பிராந்தியத்துக்குரிய ஒரு துயரம் இருக்கிறது. தோன்றி மறையும் நிழல், காய்ச்சல், மெலிவு, சில வேளைகளில் சளியில் இரத்தம் ஆகிய அறிகுறிகளைக் கண்டதும் தென்னாசிய வைத்தியர்களின் நினைவுக்கு முதலில் வருவது காசநோய்தான். இந்திய மருத்துவ ஏடுகளில், இந்தப் பூஞ்சண நோய்க்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் உட்கொண்டவர்களைப் பற்றிய பதிவுகள் ஏராளம். எங்கள் உதவி ஆசிரியரும் ஆறு மாதங்கள் காசநோய் மாத்திரைகளை விழுங்கினார். அவரது சளியில் ஒருதடவையேனும் அந்தக் கிருமி காணப்படவில்லை. அவருக்கிருந்த நோய் எது என்பதை இன்று யாராலும் கூறமுடியாது. உலகில் இந்நோயுடையோர் சுமார் 48 இலட்சம் பேர் இருக்கலாம் என்று 2013 இல் மன்செஸ்டரின் டேவிட் டெனிங்கும் அவரது சகாக்களும் மதிப்பிட்டனர்.

லண்டன் புரொம்டன் வைத்தியசாலையைச் சார்ந்து பணியாற்றிய, தென்னாபிரிக்காவில் பிறந்த ஜக் பெப்பிஸ் இந்தப் போரின் போக்கை வரைபடமாக்கினார். அஸ்பர்ஜில்லஸ் சாற்றைத் தோலில் ஏற்றியபோது இந்த நோயாளர்களிடம் இரண்டு எதிர்விளைவுகள் தோன்றின. முதலாவது சில நிமிடங்களில் வந்து மறைந்தது. இரண்டாவது பல மணித்தியாலங்கள் கழித்து வந்து வீங்கியது. இரண்டு விதமான பிறபொருளெதிரிகள் வேலைசெய்கின்றன என்று அவர் கூறினார். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கையாளும் விவசாயிகளுக்கு வரும் நுரையீரல் நோயை 1963 இல் விளக்கியதும் அவரது குழுவே. அங்கு முதலாவது விளைவு இல்லை. இரண்டாவது வகையே நோயின் இயல்பு. அதற்குக் காரணமாயிருந்தது பூஞ்சணம் போன்று தோற்றமளிக்கும் ஒரு பற்றீரியா என்பது வேறு கதை. ஒரே வைக்கோற்போர் ஒருவருக்கு ஆஸ்துமாவையும் இன்னொருவருக்கு முற்றிலும் வேறான நோயையும் கொடுக்கும் என்றால், நோயை வகுப்பதில் வித்தியைவிட அதைச் சுவாசிப்பவரின் உடல் பெரிய பங்கை வகிக்கிறது.

பெப்பிஸ் கூறிய முதலாவது பிறபொருளெதிரியின் முகம் 1966 இல் தெரிந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும், தங்கள் தோல்களிலேயே ஊசியேற்றிச் சோதித்து, ரீஏஜின் இதுவரை அறியப்படாத ஒரு புதுவகைப் புரதம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு சுவீடனின் உப்சலாவில் ஜொஹான்சனும் பென்னிச்சும், என்புமச்சைப் புற்றுநோயாளி ஒருவரது இரத்தத்தில் பெருமளவில் இருந்த விசித்திரப் புரதமும் அதுவே என்று கண்டனர். 1968 பெப்ரவரியில் லோசானில் கூடிய உலக சுகாதார நிறுவனக் கூட்டம் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயரிட்டது. மற்றைய பிறபொருளெதிரிகளுடன் ஒப்பிடும்போது இரத்தத்தில் இது மிக மிகச் சிறிய அளவிலேயே உண்டு. ஆயினும் மாஸ்ட் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டிக் காத்திருந்து, தனக்குரிய வித்திப் புரதம் வந்து தொட்டதும் அக்கலங்களை வெடிக்கச்செய்யும். வெளியேறும் ஹிஸ்டமினும் பிற பதார்த்தங்களும் சுவாசக் குழாயைச் சுருக்கும், சளியைப் பெருக்கும்.

ஐ.ஜி.ஈ.யை உற்பத்திசெய்யக் கட்டளையிடுவது யார்? 1986 இல் கலிபோர்னியாவில் மொஸ்மனும் கொப்மனும் எலியின் உதவி ரி கலங்களை இருவகையாகப் பிரித்துக் காட்டினர். இரண்டாவது வகையே, ஐ.ஜி.ஈ.யைப் பெருக்கும் நான்காம் இலக்க இன்டர்லூக்கினையும் இயோசினோபில்களை அழைக்கும் ஐந்தாம் இலக்க இன்டர்லூக்கினையும் சுரப்பதாகப் பின்னர் தெளிவாகியது. வயிற்றுப் புழுக்களை விரட்டுவதற்காக அமைந்த படைப்பிரிவு என்று பலர் கருதும் இதனையே பூஞ்சணம் தட்டி எழுப்புகிறது.

ஏன் எழுப்புகிறது என்பதற்கான விடை இந்த நூற்றாண்டில்தான் மெல்ல வருகிறது. அஸ்பர்ஜில்லஸின் உறங்கும் வித்தியைச் சுற்றி நீரை விலக்கும் ஒரு புரதப் போர்வை இருப்பதனால் உடல் அதை அடையாளம் காண்பதில்லை என்று பாரிஸின் பஸ்தேர் நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2009 இல் காட்டினார்கள். நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் இவற்றைச் சுவாசித்தும் ஒன்றும் ஆகாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வித்தி ஈரத்தில் ஊறி முளைக்கும்போது போர்வை கழன்றுவிடும். முளைக்கும் பூஞ்சணம் தன் உணவைச் செரிப்பதற்காகப் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கும். காய்ந்த இலைக்கும் சுவாசக் குழாயின் உட்சுவருக்கும் அந்த நொதியத்துக்கு வேறுபாடு தெரியாது. அல்டர்னேரியாவின் சாறு பட்டதும் காயமுற்ற சுவர்க் கலங்கள் முப்பத்துமூன்றாம் இலக்க இன்டர்லூக்கினை அபாயச் சங்காக ஊதுகின்றன என்று அமெரிக்காவின் மேயோ நிலைய ஆய்வாளர்கள் 2011 இல் எழுதினார்கள். 2013 இல் ஹூஸ்டனில் ஒரு குழு, இந்த நொதியங்கள் இரத்த உறைவுக்குரிய பைபிரினோஜனை வெட்டுவதும், அந்தத் துண்டுகளே ஒவ்வாமையைத் தூண்டுவதும் எலிகளில் உண்மை என்று காட்டியது. ஐ.ஜி.ஈ. உருவாவதற்கு முன்னரே, பழைய அனுபவம் எதுவும் தேவைப்படாத ஒருவகை உள்ளார்ந்த கலங்கள் இந்தச் சங்கைக் கேட்டுப் புறப்பட்டுவிடுகின்றன. அந்தக் கலங்கள் 2010 இல்தான் தெளிவாக இனங்காணப்பட்டன.

இதனிலும் கலக்கம் தரும் கண்டுபிடிப்பு சுவிட்சர்லாந்தின் டாவோசில் நிகழ்ந்தது. ரெட்டோ கிரமேரி குழுவினர் 1996 இல், அஸ்பர்ஜில்லஸின் ஒவ்வாமைப் புரதங்களில் ஒன்று மனித உடலில் உள்ள அதே வேலைக்குரிய நொதியத்தை ஒத்திருப்பதையும், நோயாளர்களின் ஐ.ஜி.ஈ. அந்த மனிதப் புரதத்தையும் பற்றிக்கொள்வதையும் கண்டார்கள். பூஞ்சணத்தைத் தேடிப் புறப்பட்ட ஆயுதம் சொந்த உடலின் புரதத்தில் இலக்கைக் காண்கிறது. வொன் பிர்க்கே 1906 இல் கூறியதன் கொடூரமான வடிவம் இது.

ஆய்வுகூடக் கதை இவ்வாறிருக்க, வெளியில் இளைஞர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1991 இல் மேயோ நிலைய வைத்தியர்கள், ஆஸ்துமாவினால் மூச்சே நின்றுபோன 11 இளம் நோயாளர்களை ஆராய்ந்தனர். கோடையிலும் இலையுதிர்கால ஆரம்பத்திலுமே அவர்கள் விழுந்தார்கள். 11 பேரில் 10 பேருக்கு அல்டர்னேரியா ஒவ்வாமை இருந்தது. மூச்சு நின்றுபோகாத மற்றைய ஆஸ்துமா நோயாளர்களில் அது 31 சதவீதமே. சிகாகோவில் 1985 - 1989 காலத்து மரணங்களை ஆராய்ந்து 1995 இல் வெளியான கட்டுரை, ஒரு கனமீற்றர் காற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வித்திகள் இருந்த நாட்களில் இளவயதினர் ஆஸ்துமாவினால் இறக்கும் வாய்ப்பு இருமடங்குக்குச் சற்று மேல் என்றது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1983 ஜூலையில் ஒரு இடிமழையைத் தொடர்ந்து வைத்தியசாலைக்கு ஆஸ்துமா நோயாளர்கள் திரண்டபோது, காற்றில் மகரந்தத்தை விடப் பூஞ்சண வித்திகளே பெருகியிருந்தன. 2002 ஜூலையில் கேம்பிரிட்ஜில் நடந்ததும் அவ்வாறே. அங்கு அல்டர்னேரியா குற்றவாளியாகக் காணப்பட்டது. பத்துப் பேரைப் பலிகொண்ட 2016 நவம்பர் மெல்பேர்ண் இடிமழையில் முதன்மைக் காரணம் புல்லின் மகரந்தம்.

சிகிச்சையின் வரலாறு அவ்வளவு ஒளிமயமானதாக இல்லை. நீண்டகாலமாக ஸ்டீரொயிட் மருந்தே ஒரே ஆயுதம். பூஞ்சணத்தையே கொன்றால் என்ன என்ற கேள்விக்கு 2000 ஆம் ஆண்டில் 55 நோயாளர்களிடம் நடந்த பரிசோதனை, இட்ராகொனசோல் மருந்து குடியேறிய அஸ்பர்ஜில்லஸ் நோயில் பயன்தருகிறது என்று விடைகூறியது. 2009 இல் டெனிங் குழு, பூஞ்சண ஒவ்வாமையுடன் கூடிய கடும் ஆஸ்துமாவிலும் அதனை 32 வாரங்கள் கொடுத்து ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் பயனடைந்ததாக அறிவித்தது. 2013 இல் லெஸ்டரில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் இல்லை. ஐ.ஜி.ஈ.யைக் கட்டிப்போடும் ஒமலிசுமாப் 2003 இலும், ஐந்தாம் இலக்க இன்டர்லூக்கினைத் தடுக்கும் மெபொலிசுமாப் 2015 இலும் அமெரிக்காவில் அனுமதிபெற்றன. இவற்றின் விலையை இங்கே எழுதினால் வாசகர்களுக்கும் முட்டு வந்துவிடும்.

இந்த இட்ராகொனசோல் மருந்தின் உறவினர்களான இரசாயனங்களைத்தான் உலகின் விவசாயிகள் கோதுமைத் துருவையும் பிற பயிர்ப் பூஞ்சணங்களையும் அழிக்கப் பல தசாப்தங்களாகத் தெளித்து வருகிறார்கள். வயல் மண்ணிலும் உரக் குவியலிலும் வாழும் அஸ்பர்ஜில்லஸ் அந்தத் தெளிப்புக்குப் பழகிவிட்டது. மருந்தை ஒருதடவையேனும் உட்கொள்ளாத நோயாளர்களிடமும் மருந்துக்கு அடங்காத அஸ்பர்ஜில்லஸ் காணப்படுவதை நெதர்லாந்து வைத்தியர்கள் 2007 அளவில் அறிவித்தார்கள். 2022 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் முதலாவது பட்டியலில் அது மிக உயர்ந்த பிரிவில் வைக்கப்பட்டது.

எங்கள் உதவி ஆசிரியர் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓய்வுபெற்றார். அவர் போனபின் அந்தக் கோவைகளைத் துடைத்து வெயிலில் காயவைக்க ஒருவரும் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் கறையானும் பூஞ்சணமும் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. எஞ்சிய சிலவற்றைக் கடந்த மாதம் ஒரு குறிப்புக்காகத் திறந்தேன், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு.